கடலுக்குள்ள தங்கிப் பார்த்தவங்க

அமெரிக்கக் கடல் விஞ்ஞானி சில்வியா ஏர்ல் பத்தி யார் எழுதினாலும் 381 மீட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. 1979 செப்டம்பர் 19, ஹவாயில ஓவாஹு தீவுக்குப் பக்கத்துல, ரோபோ மாதிரி ஒரு உலோக உடுப்புக்குள்ள நின்னுக்கிட்டு, மேல இருக்கிற கப்பலோட எந்தக் கயிறும் இல்லாம கடலோட தரையில நடந்தாங்க. அது பெரிய விஷயம்தான், அதுக்கும் வர்றேன். ஆனா ரெண்டு மூணு மாசமா அவங்களப் பத்திக் கைக்குக் கிடைச்சதெல்லாம் படிச்சதுல என் மனசுல நின்னது வேற ஒரு நம்பர். 20,000. டாக்டர் பட்டத்துக்காக அவங்க சேர்த்த பாசி மாதிரிகள் அதுக்கும் மேல. கடல்ல இறங்கி எடுத்து, காகிதத்துல ஒட்டி, எங்க எடுத்தது, எப்ப எடுத்தது, எவ்வளவு ஆழம்னு எழுதி வெச்சது.

ஒரு ஊருக்கு ஒரு நாள் போய்ட்டு வந்தா பஸ் ஸ்டாண்ட் எங்க இருக்குன்னு தெரியும். ஒரு வருஷம் இருந்தாதான் எந்தத் தெருவுல எந்த நாய் படுத்திருக்கும், இன்னைக்கு அத ஏன் காணோம்னு கேக்கத் தோணும். கடல் ஆராய்ச்சியில முக்கால்வாசிப் பேர் போய்ட்டு வந்தவங்க. சில்வியா தங்கிப் பார்த்தவங்க, தங்கிப் பார்த்தத எழுதியும் வெச்சவங்க. பின்னாடி அவங்க கடலைக் காப்பாத்துங்கன்னு உலகம் பூரா போய்ப் பேசினதுக்கு இருக்கிற பலமே அதுல இருந்துதான் வருதுன்னு நினைக்கிறேன். என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான என்ன போச்சுன்னு சொல்ல முடியும்.

1935 ஆகஸ்ட் 30, நியூ ஜெர்சி மாநிலத்துல கிப்ஸ்டவுன்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தாங்க. மூணு வயசுல ஒரு அலை அவங்களக் கீழ தள்ளி விட்டுருச்சு, கடல் என்னைக் கவனிக்க வெச்சது அன்னைக்குதான்னு பல இடத்துல சொல்லிருக்காங்க. அந்த வயசுல அலை தள்ளினா குழந்தைய தூக்கிட்டு வீட்டுக்குப் போற அம்மாக்கள்தான் அதிகம், இவங்க அம்மா திரும்பவும் தண்ணிக்குள்ள விட்டாங்க. பூச்சி, தவளைன்னு எத எடுத்தாலும் பார்த்துட்டு எடுத்த இடத்துலயே விட்டுடணும்னு சொல்லி வளர்த்தவங்களும் அந்த அம்மாதான். 12 வயசு வாக்குல குடும்பம் ஃபுளோரிடாவுக்கு மாறுது, டனீடின்ங்கிற ஊர், வீட்டுக்கு முன்னாடியே மெக்சிகோ வளைகுடா. ஆழம் கம்மி, அடியில கடற்புல், அதுக்குள்ள கடல்குதிரையும் நண்டும் இறாலும். பிறந்தநாளுக்கு ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிக் குடுத்தாங்களாம், அதோட அந்தப் பொண்ணு கரையில நின்ன நேரம் கம்மி.

16 வயசுல ஸ்பாஞ்ச் எடுக்கிற டைவர்கள் போடுற செம்பு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஒரு ஆத்துக்குள்ள இறங்கிப் பார்த்தாங்க. அப்புறம் 1953ல, காலேஜ் படிக்கிறப்ப, ஸ்கூபா, அதாவது முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு டைவ் பண்றது. அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஸ்கூபாவே புதுசு, பாடம் எடுக்கிற ஸ்கூல் கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. அவங்களோட பேராசிரியர் ஹெரால்ட் ஹம் ரெண்டு செட் வாங்கி வெச்சிருந்தாரு, அவர் குடுத்த மொத்தப் பயிற்சியே இயல்பா மூச்சு விடுங்கிறது மட்டும்தான்.

இத படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் மாஸ்க் போட்டு மூஞ்சிய தண்ணிக்குள்ள வெச்சதே 35 வயசுக்கு அப்புறம்தான், அப்ப எனக்குக் கேட்ட ஒரே சத்தம் என்னோட மூச்சுதான், உள்ள போறதும் வெளிய வர்றதும், அது சீரா வர்ற வரைக்கும் கண்ணு முன்னாடி என்ன இருக்குன்னே மூளையில ஏறல. மூச்சு ஒரு தாளத்துக்கு வந்ததும்தான் மீன் தெரிஞ்சது. அந்தப் பேராசிரியர் தேவையானத மட்டும் சொல்லிருக்காரு.

ஹம் பாசி ஆராய்ச்சி பண்றவரு, சில்வியாவும் பாசிப் பக்கம் போனாங்க. மீன் இல்ல, திமிங்கலம் இல்ல, செடி. மண்ணுல ஒரு காட்டைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல அங்க என்ன மரம் நிக்குதுன்னு பார்ப்போம்ல, அதே யோசனதான் கடலுக்கும். யார் என்ன திங்கிறாங்க, யார் எங்க ஒளியிறாங்கன்னு எல்லாக் கதையும் செடியில இருந்துதான் தொடங்குது. அதுக்கு முன்னாடி பாசி ஆராய்ச்சின்னா பெரும்பாலும் கரையில ஒதுங்கினது, இல்லன்னா கப்பல்ல இருந்து இரும்புக் கூடை மாதிரி ஒண்ணக் கட்டித் தரையோட இழுத்து அள்ளினது. அப்படி வர்ற பாசி கிழிஞ்சு கசங்கி வரும், அது எந்தப் பாறைல எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எதுவும் தெரியாது. இவங்க நேரா அது நிக்கிற இடத்துக்கே போனாங்க.

பாசிய எப்படிப் பதம் பண்ணி வெப்பாங்கன்னு தெரியுமா, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. ஒரு தட்டு நிறைய தண்ணி ஊத்தி பாசிய அதுல மிதக்க விடணும், அது கடல்ல இருந்த மாதிரியே விரிஞ்சுக்கும். அடியில தடிமனான வெள்ளக் காகிதத்த நுழைச்சு, பிரஷ்ஷாலயும் ஊசியாலயும் ஒவ்வொரு கிளையா பிரிச்சு விட்டு, மெதுவா காகிதத்தோட சேர்த்துத் தூக்கணும். தண்ணி வடிஞ்சதும் மேல ஒரு மெல்லிசு துணி, அதுக்கு மேல உறிஞ்சுற தாள், அதுக்கு மேல பாரம். பல பாசிக்குப் பசையே வேண்டாம், அதுலயே இருக்கிற வழவழப்பு காஞ்சு காகிதத்தோட ஒட்டிக்கும். காஞ்சதும் பார்த்தா வாட்டர்கலர்ல வரைஞ்ச மாதிரி இருக்கும். ஒழுங்கா வெச்சா நூறு, இருநூறு வருஷம் தாங்கும். ஒரு ஓரத்துல தேதி, இடம், ஆழம். இப்படி ஒண்ணு பண்ணவே பொறுமை வேணும், இவங்க 20,000த்துக்கு மேல சேர்த்தாங்க. மெக்சிகோ வளைகுடாவோட கிழக்குப் பக்கத்துல இருக்கிற பழுப்புப் பாசிகள் பத்தின அந்த ஆய்வுக்கு 1966ல டியூக் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினாங்க.

அந்தப் பட்டத்துக்கு நடுவுலயே கல்யாணம், குழந்தைங்க, அப்புறம் ஒரு கப்பல். 1964ல சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்துக்காக ஆன்டன் புரூன்னு ஒரு கப்பல். அது ஒரு காலத்துல அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனோட வில்லியம்ஸ்பர்க்ங்கிற கப்பலா இருந்து ஆராய்ச்சிக் கப்பலா மாறினது. அதுல ஒரு தாவரவியலாளர் இடம் காலியாச்சு, இவங்க போனாங்க. ஆறு வாரம், 70 ஆம்பளைங்க, இவங்க ஒருத்தங்கதான் பொம்பள. கப்பல் ஏற மொம்பாசா போனா அங்க ஒரு பத்திரிகைல தலைப்பு, 70 ஆண்களோட சில்வியா கப்பல் ஏறுறாங்க, ஆனா பிரச்சன எதுவும் வரும்னு எதிர்பார்க்கலன்னு. இந்தியப் பெருங்கடல்ல என்ன பாசி இருக்குன்னு பார்க்கப் போற விஞ்ஞானிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி அது இல்ல. இருந்தாலும் அவங்க அதுல நேரத்தச் செலவு பண்ணல, இறங்கிப் பாசி எடுத்தாங்க.

அடுத்து தென் பசிபிக்ல, சிலி நாட்டுக்குச் சொந்தமான யுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகள்கிட்ட டைவ் பண்றப்ப அதுவர யாரும் பதிவு பண்ணாத ஒரு பாசி கிடைச்சது, பளிச்சுனு ரோஸ் கலர்ல குடை மாதிரி. அதுக்கு ஹம்பிரெல்லான்னு ஒரு புதுப் பேரினமே உண்டாக்கினாங்க, 1969ல வெளியாச்சு. ஆசிரியர் ஹம்மோட பேரும் குடைங்கிற ஆங்கில வார்த்தையும் சேர்ந்தது. முதல் மூச்சு சொல்லிக் குடுத்தவருக்கு ஒரு செடியையே காணிக்கையா குடுத்திருக்காங்க, இதவிட அழகான குருதட்சணை எனக்குத் தெரியல.

1968ல பஹாமாஸ்ல டீப் டைவர்ங்கிற சின்ன நீர்மூழ்கில 100 அடி ஆழத்துக்குப் போனாங்க, அப்ப நாலு மாச கர்ப்பம். பல பேர் இத ஒரு சாகசமா எழுதுறாங்க. எனக்கு அது வேலைக்குப் போன ஒரு பொம்பளையோட சாதாரண நாளாத்தான் தெரியுது, அவங்களும் அத அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு தோணுது.

இப்ப டெக்டைட். இதப் பத்தி நிறைய எழுதணும், ஏன்னா தங்கிப் பார்க்கிறதுன்னு நான் சொன்னது இங்கதான் முழுசா நடக்குது.

ஸ்கூபாவுல ஒரு கட்டாயம் இருக்கு. ஆழம் போகப் போக அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துல நாம மூச்சு விடுற காத்துல இருக்கிற நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சுக்கிட்டே போகும். எவ்வளவு நேரம் இருக்கோமோ அவ்வளவு கரையும், சட்டுனு மேல வந்தா சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளிய வந்து ஆளையே முடக்கிப் போட்டுரும். அதனால கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஓடி வந்துடணும். ஆனா ஒரு நாளுக்கு மேல அந்த அழுத்தத்துலயே இருந்துட்டா உடம்பு எவ்வளவு கரைக்க முடியுமோ அவ்வளவும் கரைச்சு முடிச்சிருக்கும், அதுக்கு மேல ஏறாது. அப்புறம் ஒரு வாரம் இருந்தாலும் ஒரு மாசம் இருந்தாலும் மேல வர்றப்ப பண்ண வேண்டியது ஒண்ணுதான், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அழுத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அப்ப கடலுக்கு அடியிலயே ஒரு வீடு கட்டிட்டா?

கட்டினாங்க, அதுதான் டெக்டைட். அமெரிக்காவோட வர்ஜின் தீவுகள்ல செயின்ட் ஜான் தீவு, கிரேட் லேம்ஷர் வளைகுடா, 50 அடி ஆழம். தண்ணித் தொட்டி மாதிரி ரெண்டு உருளை, நடுவுல ஒரு குழாய் வழி. கட்டினது ஜெனரல் எலக்ட்ரிக். கடற்படை, நாசா, இன்டீரியர் டிபார்ட்மென்ட் எல்லாம் சேர்ந்து பண்ணின திட்டம். நாசாவுக்கு இதுல என்ன வேலைன்னா, ஒரு சின்ன டப்பாவுக்குள்ள நாலஞ்சு பேர அடைச்சு வெச்சா எப்படி நடந்துக்கிறாங்கன்னு பார்த்தா விண்வெளிக்கு அனுப்புறப்ப உதவும், அதனால கேமரா வெச்சு எந்நேரமும் பார்த்துட்டே இருந்தாங்க. தரையில ஒரு ஓட்ட, அதுக்குக் கீழ கடல், உள்ள காத்தோட அழுத்தமும் வெளிய தண்ணியோட அழுத்தமும் சமமா இருக்கிறதால தண்ணி உள்ள ஏறாது. அந்த ஓட்டைய வாசப்படி மாதிரி வெச்சு இறங்கிப் போகலாம்.

1969ல முதல் தடவ நாலு ஆம்பளைங்க ரெண்டு மாசத்துக்குக் கிட்ட தங்கினாங்க. சில்வியா விண்ணப்பம் போட்டாங்க. அப்பவே 1,000 மணி நேரத்துக்கு மேல கடலுக்கு அடியில ஆராய்ச்சி பண்ணின அனுபவம் அவங்களுக்கு. நிராகரிச்சாங்க, ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் ஒரே கூரைக்குக் கீழ, அதுவும் கடலுக்கு அடியில தங்குறதா, முடியாதுன்னு. அடுத்த வருஷம் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, பொம்பளைங்க மட்டும் தனி அணி. 1970 ஜூலை, ரெண்டு வாரம், தலைவி சில்வியா, கூட ரெனாட்டே ட்ரூ, ஆன் ஹார்ட்லைன், அலினா ஸ்மான்ட், பொறியாளரா பெகி லூகாஸ். இதுல அலினா ஸ்மான்ட் பின்னாடி பவளம் எப்படி இனப்பெருக்கம் பண்ணுதுங்கிற ஆராய்ச்சில பெரிய பேர். எல்லாரும் சில்வியா பேர மட்டும் சொல்லிட்டுப் போறாங்க, மத்த நாலு பேரையும் சொல்லணும்னு எனக்கு இருந்துச்சு.

அவங்க கையில ரீபிரீதர் இருந்துச்சு. சாதாரண ஸ்கூபாவுல ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழ் கொப்பளிச்சுக்கிட்டுப் போகும், அந்தச் சத்தத்துலயே மீன் விலகிரும். ரீபிரீதர் விட்ட மூச்சையே சுத்தம் பண்ணித் திரும்பக் குடுக்கும், குமிழ் வராது, சத்தமும் இல்ல. நேரக் கவலை இல்லாம, சத்தம் இல்லாம, விடியிறதுக்கு முன்னாடி இறங்கலாம், ராத்திரி இறங்கலாம், ஒரே பாறைக்கு முன்னாடி மணிக்கணக்கா உக்காரலாம். பகல் மீன்கள் வேலைய முடிச்சுட்டு இடுக்குல போய் ஒடுங்குறதும், ராத்திரி மீன்கள் அதே இடுக்குல இருந்து கிளம்புறதும், கிளிமீன்ல சில வகை தன்னச் சுத்தி வழவழன்னு ஒரு உறை கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்குறதும், இதெல்லாம் அரை மணி நேர டைவ்ல எப்படித் தெரியும்? எந்த மீன் எந்தப் பாசியத் திங்குது, எத ஒதுக்குதுன்னு பார்த்துக் குறிச்சாங்க. சில்வியா ஒரு விஷயம் திரும்பத் திரும்பச் சொல்வாங்க, அந்த ரெண்டு வாரத்துல மீன்கள் கூட்டமா தெரியறது போய் ஒவ்வொண்ணும் தனித்தனி முகமா தெரிய ஆரம்பிச்சதுன்னு. ஒரே வகை மீன்லயே ஒண்ணு பயந்தது, ஒண்ணு கிட்ட வந்து எட்டிப் பார்க்கிறது, ஒண்ணு சிடுசிடுன்னு விரட்டுறது. என்னைக் கேட்டா அவங்க வாழ்க்கை திரும்பின இடம் இது. முகம் தெரிஞ்ச ஒண்ண டன் கணக்குல எடை போட மனசு வராதுல்ல.

வெளிய வந்தா சிகாகோல ஊர்வலம், வெள்ளை மாளிகைல விருந்து. பத்திரிகைக்காரங்க அக்வாபேப்ஸ்னு பேர் வெச்சாங்க, லிப்ஸ்டிக் போட்டீங்களா, தலைய எப்படிக் காய வெச்சீங்கன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்த நாலு ஆம்பளைங்ககிட்ட ஷேவ் பண்ணீங்களான்னு யாரும் கேட்டதா நான் எங்கயும் படிக்கல. ஆனா அந்தக் கவனம் கடல் பத்திப் பேச ஒரு மேடையா அமைஞ்சுது, சில்வியா அந்த மேடையில இருந்து இறங்கவே இல்ல.

1977ல ஹவாயில ஹம்ப்பேக் திமிங்கலங்கள், திமிங்கல ஆராய்ச்சி பண்ற ரோஜர் பேயின், கேட்டி பேயின் இவங்களோட. அங்கயும் அதே வேலைதான், ஒவ்வொரு திமிங்கலத்தையும் தனித்தனியா தெரிஞ்சுக்கிறது. வாலோட அடிப்பக்கம் இருக்கிற கறுப்பு வெள்ள அடையாளம் ஒண்ணுக்கு இருக்கிற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது.

இப்ப அந்த 381 மீட்டர். ஜிம் சூட்னு பேர், அதுக்கு முன்னோடியான உடுப்பப் போட்டுச் சோதிச்ச ஜிம் ஜாரட்ங்கிற டைவரோட பேர்தான். மெக்னீசியம் கலந்த உலோகம், கைக்கும் காலுக்கும் எண்ணெய் விட்ட மூட்டுகள், விரலுக்குப் பதிலா இடுக்கி. உள்ள நம்ம வீட்டுல இருக்கிற அதே காத்தழுத்தம், வெளிய சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டுக்குக் கிட்ட. டெக்டைட்ல உடம்பு கடலோட அழுத்தத்த ஏத்துக்கிச்சு, இங்க ஒரு சுவருக்குப் பின்னாடி நின்னு பார்க்கணும், அவ்வளவு ஆழத்துல வேற வழி இல்ல. ஸ்டார் 2ங்கிற சின்ன நீர்மூழ்கியோட முன்பக்க மேடையில நின்னபடியே கீழ போனாங்க, தரையில இறங்கினாங்க, பேசறதுக்கு மட்டும் நீர்மூழ்கிக்கும் உடுப்புக்கும் நடுவுல ஒரு ஒயர். ரெண்டரை மணி நேரம் நடந்தாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவுல நடந்ததும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

நிலாவுல உயிர் எதுவும் இல்ல. இங்க மூங்கில் பவளம், ஆள் உயரத்துக்கு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிக்குது, லேசா தொட்டா தொட்ட இடத்துல இருந்து நீல வெளிச்சம் வளையம் வளையமா ஓடுது. பக்கத்துல விளக்கு வெச்ச மீன்கள். சூரிய வெளிச்சம் கடைசியா கரைஞ்சு போற ஆழத்துல அந்த உயிர்கள் தானே விளக்கேத்திக்குது. அதப் பக்கத்துல நின்னு தொட்டுப் பார்த்தது செடிகளப் படிச்ச ஒருத்தங்கங்கிறதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

1982ல கிரஹாம் ஹாக்ஸ்ங்கிற பொறியாளரோட சேர்ந்து நீர்மூழ்கியும் ரோபோவும் கட்டுற கம்பெனி ஆரம்பிச்சாங்க. டீப் ரோவர்னு ஒரு ஆள் உக்காருற நீர்மூழ்கி, கண்ணாடி மாதிரி ஒரு அக்ரிலிக் உருண்டை, 1,000 மீட்டர் வரைக்கும் போகும். இந்தப் பொறியியல் பக்கத்த நான் சீக்கிரமா தாண்டிப் போறேன், அதுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

1990ல நோவா, அதாவது அமெரிக்காவோட கடல், வானிலை எல்லாம் பார்க்கிற அரசு அமைப்பு, அதோட தலைமை விஞ்ஞானி ஆனாங்க, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அந்த அமைப்பு வணிகத்துறைக்குக் கீழ வருது, இந்த ஒரு விஷயத்துலயே பாதிக் கதை இருக்கு. மீனுன்னா அங்க சரக்கு. அட்லான்டிக்ல புளூஃபின் டியூனா மீனோட எண்ணிக்கை அதல பாதாளத்துக்குப் போயிருந்த நேரம், அதப் பத்தின ஒரு கூட்டத்துல இத அழிக்கறதுதான் நோக்கம்னா நல்லாத்தான் பண்ணிட்டு இருக்கோம்ங்கிற மாதிரி பேசிட்டாங்க. அவங்களுக்கு ஸ்டர்ஜன் ஜெனரல்னு பட்டப்பேர் வந்துச்சு, அந்த ஊர்ல அரசோட தலைமை மருத்துவர சர்ஜன் ஜெனரல்னு சொல்வாங்க, ஸ்டர்ஜன்ங்கிறது ஒரு மீன். கிண்டலுக்கு வெச்ச பேரா இருந்தாலும் எனக்கு அது பொருத்தமான பட்டமாத்தான் படுது. 1992ல பதவிய விட்டுட்டு வெளிய வந்தாங்க, உள்ள இருந்தா பேச முடியாதத வெளிய பேசலாம்னு.

அந்தப் பதவியில இருந்தப்பதான் வளைகுடாப் போர். 1991ல குவைத்ல 600க்கு மேல எண்ணெய்க் கிணறுகள் எரிஞ்சது, கடல்ல எண்ணெய் வெள்ளமா ஓடுச்சு, பாரசீக வளைகுடாவுக்கு நேரா போய்ப் பாதிப்ப ஆராய்ஞ்சாங்க. இந்த மாதிரி இடத்துல நின்னா முதல்ல வர்ற கேள்வி, இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுங்கிறதுதான். செத்தது கண்ணுக்குத் தெரியும், காணாமப் போனது தெரியாது, யாராவது முன்னாடியே எண்ணி எழுதி வெச்சிருந்தாதான் தெரியும்.

2010 ஏப்ரல் 20, டீப்வாட்டர் ஹொரைசன்ங்கிற கடல் எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடை வெடிச்சு 11 பேர் செத்தாங்க, 87 நாள் எண்ணெய் கக்கிக்கிட்டே இருந்துச்சு. எங்க? மெக்சிகோ வளைகுடா. அவங்க சின்ன வயசுல கண்ணாடி மாட்டிக்கிட்டு மிதந்த கடல், 20,000 பாசி எடுத்த கடல். அமெரிக்க காங்கிரஸ் முன்னாடி போய் சாட்சி சொன்னாங்க. சாட்சிங்கிற வார்த்தைய நான் யோசிச்சுத்தான் போடுறேன்.

டேனியல் பாலின்னு ஒரு மீன்வள விஞ்ஞானி 1995ல ஒரு விஷயத்தச் சொன்னாரு, ஒவ்வொரு தலைமுறையும் தான் முதல்ல பார்த்த கடலத்தான் இயல்பான கடல்னு நினைக்கும், அதுல இருந்து குறையறத மட்டும்தான் இழப்புன்னு கணக்கு வெக்கும், அதுக்கு முன்னாடி குறைஞ்சது கணக்குலயே வராதுன்னு. என் பாட்டி பார்த்த கடல் எனக்குத் தெரியாது, நான் பார்க்கிறத என் பொண்ணு பார்க்க மாட்டா, ஆனா ரெண்டு பேருமே கடல் நல்லாத்தான் இருக்குன்னு சொல்வோம். இந்த மறதிக்கு எதிரா ரெண்டே வழிதான் எனக்குத் தெரியுது. ஒண்ணு ரொம்ப நாள் வாழ்ந்து ரொம்ப நாள் பார்த்த ஒரு ஆள். இன்னொண்ணு எழுதி வெச்ச காகிதம். சில்வியா ரெண்டுமா இருக்காங்க.

அவங்க வளர்ந்த ஊருக்குத் தெக்க இருக்கிற டாம்பா விரிகுடால நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். 1950ல இருந்து 80கள் வரைக்கும் மண்ணத் தோண்டினது, கரைய நிரப்பினது, சாக்கடைய விட்டதுன்னு கடற்புல் பாதிக்குக் கிட்ட அழிஞ்சு போச்சு. அப்புறம் கழிவுநீரச் சுத்தம் பண்ணி, தண்ணில சேர்ற நைட்ரஜனக் குறைச்சு, திரும்ப வளர விட்டாங்க. எவ்வளவு வளர்ந்தா போதும்னு எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா, 1950 வாக்குல விமானத்துல இருந்து எடுத்த பழைய ஃபோட்டோவ வெச்சு. 38,000 ஏக்கர்னு இலக்கு வெச்சாங்க, 2010கள்ல அதத் தொட்டுத் தாண்டவும் செஞ்சாங்க. அதுக்கப்புறம் திரும்பக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அது வேற வருத்தம். ஆனா அந்தப் பழைய ஃபோட்டோ இல்லன்னா 80கள்ல இருந்த மிச்சத்தையே முழுசுன்னு நினைச்சிருப்பாங்க.

கூகுள் எர்த் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அத உருவாக்கினவர்கள்ல ஒருத்தரான ஜான் ஹான்கிகிட்ட, மல எல்லாம் அருமையா இருக்கு, கடல் மட்டும் வெறும் நீலமா இருக்கே, இதுக்கு கூகுள் டர்ட்னுதான் பேர் வெக்கணும்னு சொன்னாங்க, டர்ட்னா மண்ணு. 2009ல கூகுள் எர்த்ல கடலோட அடிப்பக்கமும் வந்துச்சு. அதே 2009ல டெட்ங்கிற பேச்சு மேடை குடுக்கிற பரிசு, அதுல அவங்க கேட்ட வரம் கடல் பூராவும் காக்கப்பட்ட இடங்களோட ஒரு வலைப்பின்னல், அதுங்களுக்கு ஹோப் ஸ்பாட்னு பேர். அப்ப உலகக் கடல்ல ஒரு சதவீதம் கூட காப்புல இல்ல. இப்ப 8 சதவீதத்தத் தாண்டியிருக்கு, 2030க்குள்ள 30 சதவீதம்னு 2022 டிசம்பர்ல மான்ட்ரியல்ல நாடுகள் ஒத்துக்கிட்டிருக்கு. ஹோப் ஸ்பாட் நூத்தம்பதுக்கு மேல, அந்தமானும் லட்சத்தீவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஒண்ணு தெளிவா சொல்லணும், ஹோப் ஸ்பாட்ங்கிறது சட்டம் கிடையாது. அந்தப் பேர் குடுத்ததால ஒரு வலை கூட நிக்காது. அந்த இடத்து ஆளுங்களும் அரசும் ஏதாவது பண்ணினாதான் உண்டு.

பண்ணின இடம் ஒண்ணு இருக்கு, மெக்சிகோவுல காபோ புல்மோ. மீன் குறைஞ்சு போனத முதல்ல உணர்ந்தவங்களே அங்க மீன் பிடிச்ச குடும்பங்கள்தான், அவங்களே முன்ன நின்னு 1995ல அத தேசியப் பூங்கா ஆக்க வெச்சு, பிடிக்கிறத நிறுத்தினாங்க. 1999ல விஞ்ஞானிகள் இறங்கி மீனையெல்லாம் எண்ணினாங்க, 2009ல அதே மாதிரி திரும்ப எண்ணினாங்க. மீனோட மொத்த எடை 463 சதவீதம் ஏறியிருந்துச்சு. இந்த நம்பரப் படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. ஏறினதுக்காக மட்டும் இல்ல, 1999ல ஒருத்தர் பொறுமையா எண்ணி வெச்சாருல்ல, அதுக்காகவும்.

ஒரு விஷயத்துல எனக்கு அவங்களோட முழுசா ஒத்துப் போக முடியல. அவங்க மீன் சாப்பிடுறத விட்டுட்டாங்க, மத்தவங்களையும் யோசிக்கச் சொல்றாங்க. சின்னப் படகுல போய் அன்னன்னைக்குப் பிடிச்சு வாழ்றவங்களுக்கு அது பொருந்தாது. அவங்களும் குறி வெக்கிறது பெரிய கப்பல் கட்டித் தரையோட வாரிட்டுப் போற தொழிலத்தான், ஆனா மேடையில அந்த வித்தியாசம் சில நேரம் மங்கிப் போகுதுன்னு தோணும். காபோ புல்மோவக் காப்பாத்தினவங்களே மீன் பிடிச்சவங்கதானே. இருந்தாலும் மீன் முகம் தெரிஞ்சவங்க அதத் தட்டுல பார்க்க முடியலன்னு சொல்றது எனக்குப் புரியுது.

7,000 மணி நேரத்துக்கு மேல கடலுக்கு அடியில இருந்திருக்காங்க, 80 வயசு தாண்டியும் டைவ் பண்ணிட்டு இருந்தாங்க. அவங்க அம்மா, அதான் அலை தள்ளின குழந்தைய திரும்பத் தண்ணில விட்டவங்க, 81 வயசுலதான் முதல் தடவ மாஸ்க் போட்டு கடலுக்குள்ள பார்த்தாங்களாம், பார்த்துட்டு ஏன் இத முன்னாடியே பண்ணாம விட்டோம்னு தன்னையே கடிஞ்சுக்கிட்டாங்களாம்.

இப்பல்லாம் நான் தண்ணிக்குள்ள மூஞ்சி வெச்சுட்டு வெளிய வந்தா, துண்டு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல எழுதிடுறேன், தேதி, நேரம், எவ்வளவு ஆழம், என்ன பார்த்தேன், எத்தன. போன தடவ எழுதினது இது: காலைல 7.10, இடுப்பளவு தண்ணி, மஞ்சக் கோடு போட்ட சின்ன மீன் 11, பேர் தெரியல. பாறையோட கிழக்குப் பக்கம் பழுப்புப் பாசி, உள்ளங்கை அகலம்.